மயக்க மருந்து டெக்னீசியனுக்கு வெளிநாட்டு வேலை! பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மதுரை, அக்.16-

இன்று உலக மயக்க மருந்து தினம்.

1846-ம் ஆண்டு இதே அக்டோபர் 16-ந்தேதி, அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் கூடியது. வில்லியம் மார்ட்டன் என்ற பல் டாக்டர், ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியை சுவாசிக்கக் கொடுத்தார். நோயாளி தூங்கினார். கழுத்தில் இருந்த கட்டியை டாக்டர் அறுத்து எடுத்தார். நோயாளி அலறவில்லை! பார்த்துக்கொண்டு இருந்த டாக்டர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அடுத்த 6 மாதத்துக்குள் அந்த ஈதர் கப்பலேறி இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1847-ம் ஆண்டு மார்ச் 22-ந்தேதி கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஈதர் கொடுத்து ஆபரேஷன் நடந்தது.

அன்று மருந்து கப்பலேறி இங்கே வந்தது. இன்று மருந்து கொடுக்கும் டாக்டருக்கு கை கொடுக்கும் வாலிபர்கள் விமானம் ஏறி அங்கே போகிறார்கள். துபாய், சவுதி, கத்தார், ஓமன், லண்டன், நியூசிலாந்து என்று பல ஊர்களுக்குப் போகிறார்கள்.

போவது நல்லதுதான். ஆனால் எப்படிப் போகிறார்கள்? அங்கேதான் சிக்கல்!

"நம்ம பய போறானாம்ல!"

திருநகரில் எந்த ஸ்டாப்பில் வேண்டுமானாலும் காதில் விழக்கூடிய பேச்சு இது:-

"மாப்ளே, அக்கா மகன் துபாய்க்குப் போறானாம்ல! ஆஸ்பத்திரி வேலையாம்."

"என்ன படிச்சிருக்கான் மாமா?"

"அதான்ப்பா... ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்கம் குடுப்பாங்கள்ல, அந்த மிஷினைப் பாத்துக்கிற படிப்பு."

"எம்புட்டு கேக்குறாங்க?"

"ரெண்டு லட்சம். பரீட்சை எல்லாம் ஏஜெண்டே பாத்துக்குவாராம். வீட்டுப் பத்திரத்தை வச்சிருக்காக."

இந்தக் கடைசி 2 வரிதான் ஆபத்து. பரீட்சையை ஏஜெண்டு பார்த்துக்கொள்ள முடியாது. 2 லட்சம் வாங்க அவருக்குச் சட்டத்தில் இடமும் கிடையாது!

திருநகர், ஹார்விபட்டி, தனக்கன்குளம் பக்கம் எல்லாம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. ஹார்விபட்டி மில் தொழிலாளிகளுக்காக உண்டான குடியிருப்பு. தாத்தா மில்லில் நின்றார். அப்பா ஒர்க்ஷாப்பில் நின்றார். மகன் வெள்ளைக் கோட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும் என்று வீட்டில் ஆசை. அந்த ஆசையை வைத்துத்தான் சிலர் பிழைக்கிறார்கள்.

என்ன வேலை இது?

முதலில் ஒரு விஷயம். இந்தியாவில் மயக்கம் கொடுப்பவர் டாக்டர். அதற்கென்று தனியாகப் படித்த டாக்டர். டெக்னீசியன் அவருக்கு உதவியாளர். "உதவியாளர்தானே" என்று லேசாக நினைக்கக்கூடாது.

காலையில் முதல் ஆபரேஷனுக்கு முன்னால் தியேட்டருக்கு வருகிறவர் அவர்தான். மயக்க மருந்து எந்திரத்தைப் பரிசோதிக்க வேண்டும். இதற்கு "பாயில்ஸ் மிஷின்" என்று பெயர். 1917-ம் ஆண்டு லண்டன் டாக்டர் பாயில் என்பவர் அமைத்ததால் அந்தப் பெயர். இன்று கம்ப்யூட்டர் வைத்த புது எந்திரங்கள் வந்துவிட்டன. ஆனாலும் பல தியேட்டர்களில் பாயில் பெயர் போகவில்லை.

ஆக்சிஜன் வருகிறதா? குழாயில் கசிவு உண்டா? பெரிய சப்ளை நின்றால் கைவசம் சிலிண்டர் இருக்கிறதா? சளியை உறிஞ்சும் கருவி வேலை செய்கிறதா? தொண்டைக்குள் பார்க்கும் கருவியில் பல்பு எரிகிறதா? மூச்சுக்குழாயில் வைக்கும் டியூப் சரியான அளவில் இருக்கிறதா? நாடி, ரத்த அழுத்தம் காட்டும் கருவி ஓடுகிறதா?

இத்தனையும் பார்க்க வேண்டும். ஒன்று தவறினாலும் மேஜையில் படுத்திருப்பவர் உயிருக்கு ஆபத்து. மயக்கத்தில் இருப்பவர் "எனக்கு மூச்சு முட்டுகிறது" என்று சொல்ல மாட்டார். அவருக்குப் பதிலாக எந்திரம்தான் பேச வேண்டும். எந்திரம் பேசுவதைக் கவனிக்கிற ஆட்களில் டெக்னீசியனும் ஒருவர்.

நிறம் மாறினால்...

சரி, இங்கே படித்தவர் அங்கே போனதும் அப்படியே வேலை பார்க்க முடியுமா? முடியும், முடியாது இரண்டும்தான்.

ஒரு சின்ன உதாரணம். இந்தியாவில் ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு. தோள் பகுதி மட்டும் வெள்ளை. அமெரிக்க முறையில் ஆக்சிஜன் சிலிண்டர் பச்சை! பல வருஷம் கறுப்பு-வெள்ளையைத் தேடிப் பழகிய கண், அவசரத்தில் பச்சையைத் தாண்டிப் போய்விடும்.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. சிலிண்டரின் வாயில் சிறு துளைகள் இருக்கும். எந்திரத்தில் அதற்கு ஏற்ற ஊசிகள் இருக்கும். ஆக்சிஜனுக்கு 2-ம், 5-ம் இடம். நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3-ம், 5-ம் இடம். இந்தக் கணக்கு மதுரையிலும் ஒன்றுதான், மஸ்கட்டிலும் ஒன்றுதான். தப்பான சிலிண்டர் எளிதில் பொருந்தாது. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாதே, லேபிளைப் படி என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம்.

இன்னொன்று, நோயாளி வெளியே விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சும் சுண்ணாம்புக் கட்டி. "சோடா லைம்" என்பார்கள். சக்தி தீர்ந்ததும் அது நிறம் மாறும். ஒரு கம்பெனிச் சரக்கு வெள்ளையில் இருந்து ஊதாவுக்குப் போகும். வேறொரு கம்பெனிச் சரக்கு ரோஸ் நிறத்தில் இருந்து வெள்ளைக்கு வரும்! ஒன்றில் வெள்ளை என்றால் புதுசு. மற்றதில் வெள்ளை என்றால் தீர்ந்து போனது. புது ஊரில் முதல் நாள் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்க வெட்கப்பட்டால் நோயாளி கஷ்டப்படுவார்.

பேரும் மாறும்!

மருந்துப் பெயர்களிலும் இதே கூத்துதான்.

இங்கே நாம் "அட்ரினலின்" என்போம். அமெரிக்கப் பழக்கத்தில் அது "எபிநெப்ரின்". இங்கே "பெத்திடின்". அங்கே "மெபரிடின்". இங்கே "சால்பியூடமால்". அங்கே "அல்பியூடரால்". நம்மூர் "பாராசிட்டமால்" அங்கே போனால் "அசிட்டமினோபென்"!

இருதயம் நிற்கப் போகிற நேரத்தில் டாக்டர் "எபி!" என்று கத்துவார். இந்தப் பையன் "எந்த எபி?" என்று விழித்தால் என்ன ஆகும்?

ஊசியில் ஒட்டும் லேபிளுக்கு உலக அளவில் ஒரு நிறக் கணக்கு உண்டு. தசையைத் தளர்த்தும் மருந்துக்கு சிவப்பு. மார்பின் வகை வலி மருந்துக்கு நீலம். தூங்க வைக்கும் மருந்துக்கு மஞ்சள். இந்தக் கணக்கை இங்கேயே மனப்பாடம் செய்துகொண்டு போனால் பாதிப் பயம் போய்விடும்.

இன்னொரு நோய் இருக்கிறது. மிக அபூர்வம். சில மயக்க வாயு பட்டதும் சிலருக்கு உடம்பு கொதிக்கும். தசை விறைக்கும். பரம்பரைக் கோளாறு அது. அதற்கு மருந்து "டான்ட்ரோலின்". பழைய வகைக் குப்பி ஒன்றில் 20 மில்லிகிராம்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் 60 மில்லி சுத்தத் தண்ணீரில் கலக்க வேண்டும். சீக்கிரம் கரையாது. 70 கிலோ எடை உள்ள ஆளுக்கு, கிலோவுக்கு இரண்டரை மில்லிகிராம் என்றால், முதல் தவணைக்கே 9 குப்பி! டாக்டர் நோயாளியைக் கவனிக்க, இன்னொருவர் குப்பி குப்பியாகக் குலுக்க வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் டெக்னீசியன் தலையில்தான் விழும். வெளிநாட்டில் பல ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே ஒரு பெட்டி தயாராக இருக்கும். ஒத்திகையும் நடக்கும்.

ஐதராபாத் பெண்மணி

மயக்க மருந்துக் கலைக்காக நம் நாட்டில் இருந்து கடல் தாண்டியவர்கள் இன்று நேற்று தோன்றியவர்கள் அல்ல.

ஐதராபாத்தில் ரூபாபாய் பர்தூஞ்சி என்ற பார்சிப் பெண்மணி இருந்தார். மயக்க மருந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட உலகின் முதல் பெண்களில் ஒருவர் என்று இவரைச் சொல்கிறார்கள். குளோரோபாரம் ஆபத்தானதா, இல்லையா என்று கண்டுபிடிக்க 1888-ம் ஆண்டும் 1889-ம் ஆண்டும் ஐதராபாத்தில் 2 கமிஷன்கள் நடந்தன. நடத்தியவர் டாக்டர் எட்வர்டு லாரி. அந்தக் காலத்து மாணவி இவர்.

1909-ம் ஆண்டு இவர் ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோவுக்குப் போனார். எதற்கு? ஏற்கனவே வேலை தெரிந்த அந்த அம்மாள், பவுதிகமும் ரசாயனமும் படிக்கப் போனார். கை வேலை தெரிந்தால் போதாது, அதன் காரணமும் தெரிய வேண்டும் என்று நினைத்தார்.

100 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் வெளிநாட்டுக்காரன் கேட்பது அதைத்தான். "உனக்கு வேலை தெரியும் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

அத்தாட்சி எங்கே?

இதுதான் முக்கியமான இடம்.

நர்சு வேலைக்குப் போகிறவர்களுக்கு நர்சிங் கவுன்சில் இருக்கிறது. "இவர் எங்கள் பதிவேட்டில் இருக்கிறார், இவர் மீது புகார் இல்லை" என்று அது எழுதிக் கொடுக்கும். டாக்டருக்கு மருத்துவ கவுன்சில் இருக்கிறது. மயக்க மருந்து டெக்னீசியனுக்கு? நாடு முழுவதுக்குமான ஒரு சட்டமே நீண்ட காலம் கிடையாது!

2021-ம் ஆண்டுதான் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. டாக்டர், நர்சு அல்லாத மருத்துவத் துறைத் தொழில்களுக்கு ஒரு தேசிய கமிஷன் அமைக்கும் சட்டம் அது. மயக்க மருந்து, ஆபரேஷன் தியேட்டர் டெக்னீசியன்களும் அதன் பட்டியலில் இருக்கிறார்கள். டிப்ளமா அல்லது பட்டப்படிப்பு 2 முதல் 4 வருஷத்தில் 2 ஆயிரம் மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்று சட்டம் சொல்கிறது.

சட்டம் வந்தது. காரியம் நடக்கவில்லை. டெக்னாலஜிஸ்டுகளின் கூட்டமைப்பு ஒன்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந்தேதி கோர்ட்டு உத்தரவு போட்டது. "அக்டோபர் 12-ந்தேதிக்குள் சட்டத்தை அமல்படுத்துங்கள்" என்று மத்திய, மாநில அரசுகளுக்குக் கெடு வைத்தது. சட்டம் வந்து 3 வருஷம் கழித்து!

இந்த இடைவெளியில்தான் புற்றீசல் போல சர்டிபிகேட் கடைகள் முளைத்தன. மாடியில் 2 அறை. ஒரு போர்டு. "6 மாதத்தில் டெக்னீசியன்!" பையன் தியேட்டர் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டான். கையில் மட்டும் பளபளப்பான சர்டிபிகேட் இருக்கும்.

மதுரையில் 1954-ம் ஆண்டு தொடங்கிய மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதை ஒட்டி பெரியாஸ்பத்திரி இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் இந்தப் படிப்பு உண்டு. சென்னை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இதற்குப் பட்டப்படிப்பே வைத்திருக்கிறது. அப்படி உள்ள இடத்தில் படித்தவர் தைரியமாகக் கையை நீட்டலாம். ஆனால் ஒரு வருஷ சர்டிபிகேட் மட்டும் வைத்திருப்பவர்கள் முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். டிப்ளமா, டிகிரி கேட்கும் நாடுகளில் அது போதாமல் போகலாம்.

திருட்டு சர்டிபிகேட் மாட்டும்!

"அங்கே போய் யார் பார்க்கப் போறாங்க?" என்று சொல்லும் ஏஜெண்டுகள் உண்டு. பார்ப்பார்கள்!

வளைகுடா நாடுகளில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். "டேட்டாபுளோ" என்ற நிறுவனத்திடம் சர்டிபிகேட்டைக் கொடுக்க வேண்டும். அவர்கள் பையனிடம் கேட்க மாட்டார்கள். சர்டிபிகேட் கொடுத்த கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நேராக எழுதுவார்கள். "இப்படி ஒருவர் உங்களிடம் படித்தாரா?" என்று கேட்பார்கள். வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கும் எழுதுவார்கள். "இத்தனை வருஷம் வேலை பார்த்தாரா?" என்று கேட்பார்கள்.

"இல்லை" என்று பதில் போனால் தீர்ந்தது. அந்தக் கறை பின்னால் வேறு இடத்தில் விண்ணப்பித்தாலும் துரத்தும்.

அடுத்தது பரீட்சை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விடை குறிக்க வேண்டும். துபாய்க்கு ஒரு ஆணையம், அபுதாபிக்கு வேறொரு ஆணையம், சவுதிக்கு வேறு. ஒரே அமீரகத்துக்குள்ளேயே லைசென்சு தனித்தனி! துபாயில் லைசென்சு வாங்கியவர் அபுதாபிக்குப் போனால் அங்கே உள்ள முறைப்படி மாற்றிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் மெடிக்கல் டெஸ்ட். மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். பழைய டி.பி. தழும்பு தெரிந்தால் "தகுதி இல்லை" என்று திருப்பி விடுவார்கள். திருநகருக்குப் பக்கத்தில் ஆஸ்டின்பட்டி ஆஸ்பத்திரியில் குணமாகி வந்தவர்களுக்கும் இதே கதிதான். நோய் போய்விட்டது, தழும்பு போகவில்லை. ஆகவே ஏஜெண்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்த டாக்டரிடம் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

லண்டனா? நியூசிலாந்தா?

வளைகுடாவைத் தாண்டிப் போக நினைப்பவர்களுக்கு நிபந்தனை இன்னும் இறுக்கம்.

பிரிட்டனில் இந்த வேலைக்குப் பெயரே வேறு. "ஆபரேட்டிங் டிப்பார்ட்மெண்ட் பிராக்டிஷனர்" என்பார்கள். 2004-ம் ஆண்டு முதல் அது சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய தொழில். பதிவு இல்லாமல் அந்தப் பெயரை யாரும் போட்டுக்கொள்ளக்கூடாது. எச்.சி.பி.சி. என்ற கவுன்சில் நம் பாடத்திட்டத்தை எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கும். அவர்கள் படிப்பில் மயக்க மருந்து மட்டும் அல்ல, ஆபரேஷன் உதவி, ஆபரேஷன் முடிந்தபின் கவனிப்பு என்று மூன்றும் சேர்ந்து இருக்கும். ஆங்கிலத் தேர்வில் மொத்தத்தில் 7 மார்க், எந்தப் பகுதியிலும் ஆறரைக்குக் குறையாமல் வாங்க வேண்டும்.

நியூசிலாந்தில் இது "அனஸ்தெட்டிக் டெக்னீசியன்" என்ற பெயரிலேயே சட்டப்படி பதிவுத் தொழில். மெடிக்கல் சயின்சஸ் கவுன்சில் பதிவு செய்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை தொழில் செய்யும் சான்றைப் புதுப்பிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் குடியேற்றத்துக்கு விண்ணப்பித்தால், படிப்பையும் அனுபவத்தையும் எடை போட்டுச் சொல்ல தனி அமைப்பு உண்டு. அமெரிக்காவில் டெக்னீசியன்களுக்கான சங்கமே சான்று கொடுக்கிறது. ஆனால் அங்கே மயக்கம் கொடுக்கவே தனிப் பயிற்சி பெற்ற நர்சுகள் இருக்கிறார்கள். அந்த வேலை வேறு, டெக்னீசியன் வேலை வேறு. "அமெரிக்காவில் அனஸ்தீசியா வேலை, கோடியில் சம்பளம்" என்று விளம்பரம் வந்தால் எந்த வேலை என்று கேட்க வேண்டும். பெயர் ஒரே மாதிரி இருக்கும். படி வேறு!

19 ஆயிரம் 19 லட்சமான கதை

இப்போது பணத்துக்கு வருவோம்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1983-ம் ஆண்டு போட்ட சட்டம் இருக்கிறது. லைசென்சு இல்லாதவர் ஆள் சேர்க்கக்கூடாது. லைசென்சு உள்ளவரும் 30 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கக்கூடாது. அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 5 ஆயிரத்து 400 ரூபாய். ஆக மொத்தம் 35 ஆயிரத்து 400 ரூபாய். அதற்கு ரசீது கொடுக்க வேண்டும். முடிந்தது!

நடப்பது என்ன?

2015-ம் ஆண்டு கேரளாவையே உலுக்கிய வழக்கு ஒன்று. குவைத் ஆஸ்பத்திரிகளுக்கு நர்சுகளைச் சேர்க்க கொச்சியில் ஆள் எடுத்தார்கள். வாங்க வேண்டிய கட்டணம் 19 ஆயிரத்து 500 ரூபாய். வாங்கியதோ தலைக்கு 19 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று சி.பி.ஐ. வழக்குப் போட்டது. அதாவது 100 மடங்கு!

அதே வருஷம் மத்திய அரசு விழித்துக்கொண்டது. வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்சுகளை அரசு நிறுவனங்கள் வழியாக அனுப்ப வேண்டும் என்று ஆணை போட்டது. தமிழ்நாட்டுக்கு சென்னையில் "அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்" இருக்கிறது. 1978-ம் ஆண்டு தொடங்கிய அரசு நிறுவனம் அது.

நர்சுக்குக் காவல் வந்தது. டெக்னீசியனுக்கு வரவில்லை!

10-வது வகுப்பு பாஸ் செய்தவருக்கு "குடிபெயர்வு அனுமதி தேவை இல்லை" என்ற வகை பாஸ்போர்ட் கிடைக்கும். இது சலுகைதான். ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. அனுமதி தேவை இல்லை என்றால், அவர் ஒப்பந்தத்தை இங்கே எந்த அதிகாரியும் படித்துப் பார்ப்பதில்லை. அக்கா நர்சு, தம்பி டெக்னீசியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அக்காவின் காகிதத்தை அரசாங்கம் பார்க்கும். தம்பியின் காகிதத்தை தம்பிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லைசென்சு இல்லாமல் ஆள் சேர்த்தால் தண்டனை என்ன? 2 வருஷம் வரை ஜெயில். அபராதம் 2 ஆயிரம் ரூபாய் வரை! லட்சக்கணக்கில் சுருட்டுபவனுக்கு 2 ஆயிரம் ரூபாய் டீச்செலவுதான். ஆகவே பணம் போனபிறகு சட்டத்தைத் தேடுவதைவிட, பணம் போகாமல் காப்பது மேல்.

அந்த ஊர்ச் சட்டமும் பையன் பக்கம்தான் இருக்கிறது. அமீரகத்தின் 2021-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக்கூடாது. சவுதிச் சட்டமும் அந்தச் செலவை முதலாளி தலையில்தான் போடுகிறது. அப்படியானால் இங்கே கேட்கும் 2 லட்சம் யாருக்கு? எதற்கு? கேளுங்கள்!

கடன் பட்டார் நெஞ்சம்

"பணம்தானே, போனால் சம்பாதித்துக் கட்டிவிடலாம்" என்பார்கள். கடன் எப்படிக் காலைக் கட்டும் என்பதற்கு 2014-ம் ஆண்டு ஈராக்கில் நடந்தது ஒரு சாட்சி.

டிக்ரித் நகர ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்சுகள் வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் கேரளத்துப் பெண்கள். தீவிரவாதிகள் ஊரைப் பிடித்தார்கள். வெளியே குண்டு வெடிக்கிறது. அந்த நேரத்திலும் பலர் ஊர் திரும்பத் தயங்கினார்கள். காரணம்? சம்பளம் பாக்கி. ஊரில் படிப்புக்கும் ஏஜெண்டுக்கும் வாங்கிய கடன்! கடைசியில் 2014-ம் ஆண்டு ஜூலை 5-ந்தேதி விமானத்தில் கொச்சிக்கு வந்து சேர்ந்தார்கள்.

குண்டுக்குப் பயப்படாதவர்கள் வட்டிக்குப் பயந்தார்கள். இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

கவனிக்க வேண்டியவை

வெளிநாடு போக நினைக்கும் டெக்னீசியன்களும் அவர்கள் பெற்றோரும் கவனிக்க வேண்டியவை வருமாறு:-

1. படிப்பில் சேரும்போதே எந்தப் பல்கலைக்கழகம், எந்த அரசு அங்கீகாரம் என்று கேளுங்கள். நாளைக்கு வெளிநாட்டுக் கடிதம் வந்தால் பதில் எழுத அந்த இடம் இருக்க வேண்டும்.

2. படிப்பு முடிந்ததும் ஓடாதீர்கள். உள்ளூர் தியேட்டரில் 2 வருஷமாவது நில்லுங்கள். பல நாடுகளில் அனுபவம் கேட்பது வழக்கம். சம்பள ரசீது, நியமன உத்தரவு, அனுபவக் கடிதம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கடிதத்தில் உள்ள தேதியும் சொல்லும் தேதியும் ஒத்துப்போக வேண்டும்.

3. சர்டிபிகேட் பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியலை விரித்து எழுதுவதில் நம்மூர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். மதுரையிலேயே பாஸ்போர்ட் ஆபீஸ் இருக்கிறது. முன்கூட்டியே சரி செய்யலாம்.

4. ஏஜெண்டின் லைசென்சு நம்பரைக் கேளுங்கள். மத்திய அரசின் "இ-மைகிரேட்" தளத்தில் அந்த நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். "நான் அவருக்கு சப்-ஏஜெண்டு" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

5. விசிட் விசாவில் போகாதீர்கள். "போனபிறகு மாத்திக்கலாம்" என்பது பழைய பல்லவி. லைசென்சு இல்லாமல் ஆபரேஷன் தியேட்டருக்குள் நின்றால் மாட்டுவது ஏஜெண்டு அல்ல, நீங்கள்!

6. ஒப்பந்தத்தில் என்ன வேலை என்று எழுதி இருக்கிறது? "டெக்னீசியன்" என்று இருக்கிறதா, "உதவியாளர்", "கிளீனர்" என்று இருக்கிறதா? சம்பளம், வேலை நேரம், இரவு அழைப்பு, லீவு, திரும்பி வர டிக்கெட் எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

7. அசல் சர்டிபிகேட்டை ஏஜெண்டிடம் விட்டு வராதீர்கள். நகல் போதும்.

வாசலில் நிற்கும் அம்மா

பிள்ளை போன பிறகு வீட்டில் இருப்பவர்கள் படும் பாடு வேறு. ஆபரேஷன் தியேட்டர் வேலைக்கு நேரம் காலம் கிடையாது. நடு ராத்திரி விபத்துக் கேசு வந்தால் கூப்பிடுவார்கள். இங்கே அம்மா போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்க 2 நாள் காத்திருக்க வேண்டி வரும். "தியேட்டர்ல இருந்தேம்மா" என்று பதில் வரும். அந்த ஒரு வார்த்தையில் பயமும் பெருமையும் கலந்து இருக்கும்.

திருநகரில் இருந்து அதே திருமங்கலம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் தோப்பூர். அங்கே எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு 2019-ம் ஆண்டு ஜனவரி 27-ந்தேதி அடிக்கல் நாட்டினார்கள். 2022-ம் ஆண்டு முதல் செட் மாணவர்கள் 50 பேர் ராமநாதபுரத்தில் தற்காலிக இடத்தில் வகுப்பைத் தொடங்கினார்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் நிறைய தியேட்டர். நிறைய தியேட்டர் என்றால் நல்ல டெக்னீசியன்கள் தேவை. வெளிநாட்டில் பழகிய கைகள் திரும்பி வந்து வீட்டு வாசலிலேயே வேலை பார்க்கும் நாள் வரலாம்.

அதுவரை போகிறவர் போகட்டும். உண்மையான படிப்பு, உண்மையான அனுபவம், உண்மையான விசா, 35 ஆயிரத்து 400 ரூபாய்க்கு ரசீது. இவ்வளவுதான் கேட்பது.

ஆபரேஷன் மேஜையில் படுப்பவர் கண்ணை மூடிக்கொண்டு அடுத்தவரை நம்பலாம். அவருக்கு வேறு வழி இல்லை. விமானம் ஏறுகிறவர் அப்படிச் செய்யக்கூடாது.

மயக்கம் நோயாளிக்கு மட்டும் இருக்கட்டும்!